படத்தில் ஏறாத தமிழ்நிலம்

கடலூர்க்கும் பண்ணுருட்டிக்கும் இடையே, கெடிலமும் தென்பெண்ணையும் வளர்த்த வண்டல் நிலத்தில், கரும்பும் நெல்லும் சூழ நிற்பது நெல்லிக்குப்பம். கூடுவாஞ்சேரியை அடுத்துச் செங்கற்பட்டு மாவட்டத்திலும் ஒரு நெல்லிக்குப்பம் உண்டு. வெளியூரினின்று வந்த ஒருவன் பேருந்து நிலையத்தில் நின்று, "நெல்லிக்குப்பத்திற்கு எவ்வழி?" என்று கேட்பானாயின், கீரை விற்கும் கிழவியும், "எந்த நெல்லிக்குப்பம், ஐயா?" என்று திருப்பிக் கேட்பாள். அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருப்பது ஒரு நாட்டின் நிலவறிவு. வந்தவன் கையிலுள்ள திறன்பேசியோ அவ்வாறு கேட்பதில்லை. இரண்டு ஊரையும் ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டில் அடுக்கிக் காட்டி, விரல் பட்ட ஊருக்கு வழிசொல்லத் தொடங்கிவிடுகின்றது.

கிழவியிடம் கேட்க நாணுகின்றவன் கருவியிடம் கேட்கப் பெருமைப்படுகின்றான். காட்டுக்குள் போகின்றவனும் கருவியை நம்புகின்றான். மலையேறுகின்றவனும் கருவியை நம்புகின்றான். நம்பட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் அக்கருவிக்குள் இருக்கும் நிலப்படத்தை வரைந்தவன் எவன்? அதில் ஊர்க்கும் ஓடைக்கும் குன்றுக்கும் பெயர் எழுதியவன் எவன்? எந்த மொழியில் எழுதினான்? தமிழ்நிலத்தின் பெயரைத் தமிழனிடம் கேட்டானா? இவ்வினாக்களை எழுப்பாத இனம் வழியை மட்டுமன்று, நிலத்தையும் இழக்கும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழிசொல்வதை இலக்கியமாக்கிய இனம்

உலக இலக்கியங்களுள் வழிசொல்வதையே ஒரு நூல்வகையாக ஆக்கிக் காட்டிய மொழி தமிழ். பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படை. 'ஆறு' என்றாலே வழி. அவற்றுள்ளும் மலைபடுகடாம் என வழங்கும் கூத்தராற்றுப்படை, 583 அடிகளில், செங்கண்மா நகரத்து நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு மலைவழியை அடியடியாகச் சொல்லிச் செல்கின்றது. அச்செங்கண்மா இன்றைய செங்கம். திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்.

அந்நூல் கூறுவனவற்றை இன்றைய மலையேறிகள் கருத்தூன்றிப் பார்க்க வேண்டும். காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும். ஆதலின் இருளில் நடவாது பகல் விடிந்தபின் செல்க என்கின்றது. தினைப்புனங் காப்போர் கவணில் எறியும் கல் எங்குப் பாயும், அதனின்று எவ்வாறு ஒதுங்குவது என்கின்றது. பாம்பு உறையும் இடமும், வழுக்கும் பாறையும், இரவு தங்கற்கான முழைஞ்சும் சொல்கின்றது. நடுகல் நிற்கும் இடத்தைச் சொல்லி, அதனை வணங்கிச் செல்க என்கின்றது. எல்லாவற்றினும் மேலாக, வழி பிரியும் இடத்தில், பின்வரும் புதியவர் மயங்காதிருக்கும்பொருட்டு, புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்க என்கின்றது. செயற்கைக்கோள் இல்லை; மின்கலம் இல்லை; ஆனால் தனக்குப் பின் வருபவனைப் பற்றிய கவலை இருந்தது. வழியறிவு தனியொருவன் உடைமையன்று, இனத்தின் பொதுச்சொத்து என்னும் தெளிவு இருந்தது. இன்றைய கருவியில் இல்லாதது அத்தெளிவே.

அதே செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு, மகேந்திரவன்மன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டினது. கால்நடை காத்து மாண்ட ஒரு மறவனுக்கும், அவன் வீழ்ந்தபின்னும் கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாய்க்கும் எடுத்த கல் அது. அந்நாயின் பெயர் கோவிவன் என்று தமிழில் கல்லில் வெட்டியிருக்கின்றனர். ஏறத்தாழ 1400 ஆண்டுகட்கு முன் ஒரு நாயின் பெயரைக்கூடப் பிழையின்றித் தமிழில் எழுதிவைத்த நிலத்தில், இன்று ஒரு மாவட்டத் தலைநகரின் பெயரைத் தமிழ் ஒலியோடு எழுத அரசுக்கே இயலவில்லை என்றால், எது வளர்ந்தது, எது தேய்ந்தது?

கருவியின் ஆற்றலும் அளவும்

கருவியைப் பழிப்பது அறிவுடைமையன்று. அதன் இயல்பை அறிவதே அறிவுடைமை. திறன்பேசி தன் இடத்தை அறிவது வானில் சுற்றும் செயற்கைக்கோள்களின் குறிகளால். குறைந்தது நான்கு கோள்களின் குறி கிடைத்தால் அது நிற்குமிடத்தைக் கணக்கிட்டுவிடும். இதற்குத் தொலைபேசிக் கோபுரம் வேண்டுவதில்லை. ஆயினும், அவ்விடத்தைக் காட்டும் நிலப்படம் இணையத்தின் வழியே வருவது. கோபுரம் எட்டாத காட்டில் கருவி ஒரு புள்ளியைக் காட்டும். புள்ளியைச் சுற்றி வெறுமையைக் காட்டும். முன்கூட்டியே நிலப்படத்தை இறக்கி வைத்துக்கொண்டவனே தப்புவான். அடர்ந்த மரக்கவிகையும் செங்குத்துப் பாறையும் குறியைத் தடுமாறச் செய்யும். மின்கலம் தீர்ந்தால் கருவி வெறுங் கண்ணாடித் துண்டு.

இன்னொன்று: கோள் சொல்வது இடத்தை, வழியை அன்று. இவ்வோடை ஆவணியில் கடக்கத் தக்கதா, ஐப்பசியில் ஆளை அடித்துச் செல்வதா என்பதைக் கோள் அறியாது. இப்புல்வெளி பங்குனி வெயிலில் தீப்பற்றுமா என்பதை அறியாது. 2024 சனவரியில் நீலமலை மாவட்டத்துக் கூடலூரில், செயலி காட்டிய வழியே மகிழுந்தைச் செலுத்திய சுற்றுலாவினர், மக்கள் நடந்திறங்கும் படிக்கட்டில் வண்டியோடு நின்றுவிட்டதாகச் செய்திகள் வந்தன. அப்படிக்கட்டைப் பற்றி ஒரு பள்ளிச் சிறுவனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

2018 மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டக் குரங்கணி மலைத்தீயில் மலையேறச் சென்றோர் இருபதின்மர்க்கு மேல் கருகி மாண்டனர். அத்துயரத்தின் பின்னரே மலையேற்றத்திற்கு விதிகள் வகுக்கப்பெற்றன. 2024 அக்டோபரில் தமிழ்நாட்டரசு 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களைத் திறந்தபோது, உள்ளூர் இளைஞரையும் மலைவாழ் இளைஞரையும் பயிற்றி வழிகாட்டிகளாக அமர்த்தியது. பாராட்டத்தக்க செயல், மலையை அறிந்தவன் மலைமகனே என்று அரசே ஒப்புக்கொண்ட செயல். ஆனால் அத்திட்டத்தை உலகறிய விளம்பரப்படுத்தும் பெயர் மட்டும் 'திரெக்கு தமிழ்நாடு' என்னும் ஆங்கிலம்! காட்டைக் காக்கும் துறைக்கு 'வனத்துறை' என்னும் வடசொல். காட்டில் நடப்பதற்கு ஆங்கிலச் சொல். காடும் மலையும் தமிழ். அவற்றின் வாயில்கள் மட்டும் தமிழல்ல.

அமெரிக்கா தேடிவந்த அறிவு

அமெரிக்க நாட்டில் வேட்டையாடுவோர்க்கென்றே நிலப்படச் செயலிகள் உள்ளன. மாண்டானா மாநிலத்தில் 2009இல் தோன்றிய 'ஆன்எக்சு' என்னும் நிறுவனம் அவற்றுள் பெயர்பெற்றது. எந்நிலம் அரசினது, எந்நிலம் தனியாரது, வேலி எங்கு முடிகின்றது என்பதை வேட்டுவன் உள்ளங்கையில் அது காட்டும். எல்லை தவறி அடியெடுத்து வைத்தால் வழக்கு வரும் நாடு அது. ஆதலால் அக்கருவிக்கு அங்கு மதிப்பு மிகுதி. தமிழகத்திலோ 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் வேட்டை குற்றம். அச்சட்டம் காட்டுயிரைக் காத்தது நன்றே. ஆனால் வேட்டையோடு பின்னியிருந்த நிலவறிவைக் காக்க எச்சட்டமும் எழவில்லை.

அவ்வறிவின் உயரம் யாது என்பதற்குச் சான்று தமிழ்நாட்டு இருளர். பாம்புத்தோல் வணிகம் தடைப்பட்டு வாழ்விழந்த அம்மக்கள், 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு அமைப்பைத் தோற்றுவித்து, உயிர்காக்கும் நச்சுமுறி மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருவோராயினர். அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவரை 2017 சனவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் அழைத்துக்கொண்டது. ஏன்? பருமாவினின்று கொண்டுவரப்பட்ட மலைப்பாம்புகள் அங்குச் சதுப்பு நிலங்களிற் பெருகி, அந்நாட்டு உயிரினங்களை விழுங்கிக்கொண்டிருந்தன. குறியலைக் கருவி பூட்டிய பாம்புகளை விட்டுப் பார்த்தனர். மோப்ப நாய்களைப் பழக்கிப் பார்த்தனர். 2016இல் போட்டி வைத்து ஆயிரவரை இறக்கிப் பார்த்தனர். ஒரு திங்களில் அவ்வாயிரவர் பிடித்தவை 106.

இவ்விரு இருளரும் ஏறத்தாழ இரு கிழமைகளில் பிடித்தவை 13! அவற்றுள் ஒன்று 16 அடி நீளம். அவர்கள் கையில் இருந்தவை ஒரு கம்பியும் வெட்டுக்கத்தியும். கண்ணில் இருந்தது தலைமுறை தலைமுறையாய்த் தடம் பார்த்த பயிற்சி. முன்பின் அறியாத நாட்டில், முன்பின் அறியாத பாம்பின் தடத்தை, மணலிலும் புல்லிலும் படித்தனர். செயற்கைக்கோள்களை ஏவிய நாடு, அக்கோள்களால் காண இயலாததைக் காண, செங்கற்பட்டுச் சிற்றூர்க்கு ஆள் விடுத்தது. 2023இல் இந்திய அரசு இருவர்க்கும் 'பத்மசிறீ' என்னும் தாமரைத்திரு விருது வழங்கிற்று.

விருது வந்தது, அவர்தம் சொற்கள் எழுத்தில் வந்தனவா? தடத்தின் வகைக்கு ஒரு சொல், வளையின் வாய்க்கு ஒரு சொல், உரித்த சட்டையின் பழமைக்கு ஒரு சொல் என அம்மக்கள் வாயில் வழங்குவனவற்றைத் தொகுத்துத் தமிழ்ப்பள்ளியில் பாடமாக்கியவர் உண்டா? புளோரிடாவுக்கு வேண்டியிருந்த அறிவு பூவிருந்தவல்லிப் பள்ளிக்கு வேண்டாததாயிற்றோ?

பெயரை விழுங்கிய மூவர்

தமிழ்நிலத்தின் பெயர்களை விழுங்கியவர் மூவர்.

முதலாமவர் வடமொழியாளர். முதுகுன்றம் என்னும் ஊர் விருத்தாசலம் ஆயிற்று. மறைக்காடு வேதாரணியம் ஆயிற்று. மயிலாடுதுறை மாயூரமாய் மாயவரமாய்த் திரிந்தது. பொருள் விளங்கிய பெயரைப் பொருள் விளங்காததாக்கிப் பின் அதற்கொரு புராணம் கட்டுவது அவர் முறை.

இரண்டாமவர் வெள்ளையர். 1802 ஏப்பிரல் 10ஆம் நாள், பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து, இலாம்புடன் என்னும் படைத்தலைவர் இந்திய நிலப்பரப்பை முக்கோண முறையால் அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள அளவைக் கருவியை 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலின் உச்சிக்கு ஏற்றுகையில் கயிறு அறுந்து கருவி மோதி நெளிந்தது என்பது அவ்வரலாற்றிற் பதிவான நிகழ்ச்சி. அளவையில் அவர்கள் துல்லியம் வியக்கத்தக்கது, எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் கோணத்தை நொடியளவும் பிழையாது அளந்தவர், ஊர்ப்பெயரைக் காதில் விழுந்தவாறு கிறுக்கினர். தரங்கம்பாடியும் தூத்துக்குடியும் திருச்சிராப்பள்ளியும் அவர்கள் நாவில் உருக்குலைந்தன. ஆறுகள் கூடும் ஊராதலின் கூடலூர் எனப்பெற்றதை அவர்கள் தம் வாய்க்கேற்பச் சிதைத்தனர். அச்சிதைவைக் கேட்டுத் தமிழனும் 'கடலூர்' என்று எழுதப் பழகிவிட்டான்!

மூன்றாமவர் இன்றைய தமிழர். இவரே கொடியவர். முன்னிருவர் அயலார், தம் நலம் கருதினர். இவரோ தம் பெயரைத் தாமே விற்கின்றார். 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழொலிக்கேற்ப ஆங்கிலத்தில் எழுதுமாறு 2020 ஏப்பிரல் 1 நாளிட்டு ஓர் ஆணை எழுந்து, சூன் திங்களில் வெளிவந்தது. நோக்கம் நன்று, செயலோ நகைப்புக்கிடம். வேலூர் 'வீலூர்' எனப் படிக்கும்படி எழுத்துக்கூட்டப்பட்டது. ஒலியியல் அறிந்த தமிழாசிரியர் ஒருவர் கண்ணிற் பட்டிருந்தாலும் அது நிகழ்ந்திராது. எள்ளல் மிகவே, சூன் 18ஆம் நாள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. பிழையைத் திருத்துவதற்கு மாறாகப் பணியையே கைவிடுவது தமிழ்நாட்டில்தான் நடக்கும்.

பெயர் மாற்றம் எங்குச் சென்று முடியும் என்பதை ஈழத்தைப் பார்த்து அறிக. மணலாறு என்னும் தமிழ்நிலம் 1980களில் 'வெலி ஓயா' ஆக்கப்பட்டது. பொருள் அதுவே, மணலும் ஆறுமே. மொழி மட்டும் சிங்களம். பெயரோடு குடியேற்றம் வந்தது. குடியேற்றத்தோடு படை வந்தது. பெயர் என்பது வெறும் ஒலி என்போர் மணலாற்றுத் தமிழரைக் கேட்கட்டும்.

எண்ணாகிப் போன நெய்வேலி

கடலூர் மாவட்டத் தமிழன் ஈழம்வரை செல்லவும் வேண்டா, நெய்வேலி போதும். சம்புலிங்கனார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரும்பொருள் கண்டதும், 1956இல் நிறுவனம் எழுந்ததும், 1957இல் சுரங்கப்பணி தொடங்கியதும் யாவரும் அறிந்தவை. பழுப்பு நிலக்கரி தமிழ்நாட்டுக்கு ஒளி தந்தது, மறுப்பாரில்லை. ஆனால் அந்நிலக்கரியின் மேல் ஊர்கள் இருந்தன. ஒவ்வோர் ஊரிலும் ஏரிக்கொரு பெயர், வாய்க்காலுக்கொரு பெயர், மேட்டுக்கொல்லைக்கொரு பெயர், பள்ளக் கழனிக்கொரு பெயர் இருந்தன. ஊர்கள் பெயர்ந்தன; மண் தோண்டப்பட்டது; நகரியம் எழுந்தது. நகரியத்தில் முகவரி என்ன? வட்டம் 1, வட்டம் 2, வட்டம் 3... நிலத்தின் பெயர் போய் எண் வந்தது.

2023 சூலைத் திங்களில் வளையமாதேவியில், கால்வாய்ப் பணிக்காகக் கதிர்விடும் பருவத்து நெற்பயிரின்மேல் மண்வாரி இயந்திரங்கள் ஏறியதை நாடே கண்டு கொதித்தது. பயிரைப் படம் பிடித்தனர். உழவர் அழுகையைப் படம் பிடித்தனர். அவ்வயல்களின் பெயரை எவரேனும் எழுதிக்கொண்டனரா? இழப்பீட்டுத் தாளில் இருப்பது புல எண் மட்டுமே. வானிலிருந்து எடுத்த படத்தில் தெரிவது பழுப்புப் பள்ளம் மட்டுமே. அங்கு உழுத கடைசிக் கிழவன் கண்மூடும் நாளில் அவ்வயல்கள் இரண்டாம் முறை சாகும்.

பெயர் வெறும் உணர்ச்சிப் பொருளன்று, உரிமை ஆவணம். 2006ஆம் ஆண்டின் காட்டுரிமைச் சட்டம், மலைவாழ் மக்கள் தம் காட்டுரிமையை நிலைநாட்டுதற்கு, ஊர் முதியோர் வாய்மொழியையும், இடுகாட்டையும், வழிபாட்டிடத்தையும் சான்றாக ஏற்கின்றது. பெயர் சொல்லத் தெரிந்தவனுக்கு நிலம். பெயர் மறந்தவனுக்கு வழக்குமன்றப் படிக்கட்டு!

மறுப்பார்க்கு மறுமொழி

"ஊர்ப்பெயரை எவ்வாறு எழுதினாலென்ன? போய்ச் சேர்ந்தால் போதாதா?" என்பர் சிலர். போய்ச் சேர்வதற்கே சரியான பெயர் வேண்டும். ஆங்கில எழுத்தில் குளமும் குலமும் ஒன்று. பள்ளியும் பல்லியும் ஒன்று. அடிபட்டுக் கிடப்பவனுக்காக 108 ஊர்தியை அழைப்பவன் ஒரு பெயர் சொல்ல, ஓட்டுநர் கருவியில் வேறோர் ஊர் விரியுமானால், இழப்பது எழுத்தையா, உயிரையா?

"செயலிகளில் தமிழ் இருக்கின்றதே" என்பர் வேறு சிலர். இருக்கின்றது, அஃது ஓரளவு நன்றே. ஆனால் அத்தமிழ் எத்தகையது? தமிழ்ப்பெயரை முதலில் ஆங்கிலத்திற் சிதைத்து, அச்சிதைவைப் பொறியால் மீண்டும் தமிழெழுத்திற் பெயர்த்த தமிழ் பலவிடத்தும் காணப்படுகின்றது. தாயைத் தொலைத்துவிட்டுத் தாயின் நிழற்படத்தைப் பார்த்து வரைந்த ஓவியம் போன்றது அது.

"தமிழில் எழுதினால் உலகத்தார் எவ்வாறு படிப்பர்?" என்பர் இன்னுஞ் சிலர். ஆங்கிலத்தை அழிக்குமாறு எவரும் கேட்கவில்லை. மூலம் தமிழாக இருக்கட்டும். அதன் ஒலியைத் தழுவி அயலெழுத்து வரட்டும். ஒன்றிய நாடுகள் அவையே புவிப்பெயர்க்கென்று வல்லுநர் குழு அமைத்து, 1967இல் செனீவாவில் மாநாடு கூட்டி, பெயர் வரையறுக்கும் பொறுப்பு அவ்வந்நாட்டார்க்குரியது என்னும் நெறியில் இயங்கி வருகின்றது. உலகம் கேட்கக் காத்திருக்கின்றது. சொல்லவேண்டியவன் வாய் திறக்கவில்லை.

"இயலுமா?" என்று தளர்வோர்க்கு வரலாறே விடை. 1956இல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். 1969இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. 1982இல் மயிலாடுதுறை தன் பெயரை மீட்டது. 1996இல் தலைநகர் எம்மொழியிலும் சென்னை ஆயிற்று. முயன்ற இடத்தில் வெற்றி வந்திருக்கின்றது. முயலாத இடத்தில் தோல்வி நிலைத்திருக்கின்றது.

செய்யத்தக்கவை

அரசு செய்யத்தக்கவை மூன்று. கைவிட்ட ஊர்ப்பெயர்ப் பணியை ஒலியியல் வல்ல தமிழறிஞரைக்கொண்டு மீளத் தொடங்குக. முடிந்த பட்டியலை நிலப்பட நிறுவனங்கள் ஏற்றே தீரவேண்டும் என ஆணையிடுக. மலைத்தடங்களின் பலகைகளிலும் படங்களிலும், மலைமக்கள் வழங்கும் ஓடை, பாறை, மேடு, சுனை ஆகியவற்றின் பெயரைத் தமிழில் முதலில் எழுதுக.

மக்கள் செய்யத்தக்கது ஒன்று, அதுவே பெரிது. ஒவ்வோர் ஊர்ப் பள்ளியிலும் தமிழாசிரியர் ஒருவர் இருக்கின்றார். ஒரு வகுப்பு மாணவர் இருக்கின்றனர். ஊரில் முதியோர் இருக்கின்றனர். ஞாயிறுதோறும் மாணவர் நால்வர் ஒரு முதியவரோடு ஊரெல்லை சுற்றி வரட்டும். வயற்பெயரும் ஓடைப்பெயரும் கேட்டு எழுதட்டும். கையிலுள்ள அதே திறன்பேசியால் அவ்விடத்தின் நிலைக்கோட்டையும் நிரைக்கோட்டையும் குறித்துக்கொள்ளட்டும். எவரும் திருத்தற்குரிய திறந்த உலக நிலப்படம் ஒன்று இணையத்தில் உண்டு, 2004இல் தொடங்கியது, தமிழ்ப்பெயர் எழுத அதில் தனியிடம் உண்டு. அங்குச் சேர்க்கட்டும். இரா. பி. சேதுப்பிள்ளை 'ஊரும் பேரும்' எழுதியபோது அவர்க்கு இக்கருவி இல்லை. நூலும் கல்வெட்டும் கொண்டே அரும்பணி ஆற்றினார். இன்று கருவி உண்டு, ஆற்றுவார் வேண்டும்.

மலைவழியில் முன்சென்றவன் புல்லை முடிந்து வைத்தான், பின்வந்தவன் வழியறிந்தான். அந்த முடிச்சை அவிழ்த்தவர் அயலார்; அவிழ்வதைப் பார்த்திருந்தவர் தமிழர். இனி முடிய வேண்டியது இத்தலைமுறை. நெய்வேலிப் பள்ளத்தின் விளிம்பில் நின்று, "இங்கே ஏதோ ஊர் இருந்ததாம்" என்று நாளைய சிறுவன் சொல்லும் நிலை வருமுன், அவ்வூரின் பெயரை எழுதுக! வயலின் பெயரை எழுதுக! தமிழில் எழுதுக!